கியர்ப் பெட்டியும் அதன் எண்ணெயும்

காஞ்சிமா நகரத்தினின்றும் உத்திரமேரூர் செல்லும் வழியில், பாலாற்றை அடுத்து விளங்கும் ஊர் ஓரிக்கை. திருமழிசையாழ்வாரின் மாணாக்கராகிய கணிகண்ணர் பல்லவ மன்னன் ஆணையாற் கச்சியை விட்டு நீங்க, அவருடன் ஆழ்வாரும், ஆழ்வாருடன் பெருமாளும் புறப்பட்டு, மூவரும் ஓரிரவு தங்கிய இடம் இஃதென்றும், 'ஓரிரவு இருக்கை' என்பதே ஓரிக்கை என மருவிற்றென்றும் பெரியோர் கூறுவர். இக்காலத்தில் அவ்வூரில் இரவுதோறும் தங்குவன அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள். பணிமனையில் தங்கும் பேருந்துக்கு அடியிற் சென்று பார்க்க ஆளுண்டு. நாள் குறித்துக் கணக்கு வைப்பாரும் உண்டு. ஆனால் அதே ஊரில் வீட்டு வாயிலில், வேப்பமர நிழலில் நிற்கும் சிறு காரை அடியிற் குனிந்து நோக்குவார் யார்? எஞ்சின் எண்ணெயை ஆண்டுதோறும் தவறாது மாற்றுவோருங்கூடக் கியர்ப் பெட்டியில் எண்ணெய் உண்டு என்பதையே பல்லாண்டு மறந்திருக்கக் காண்கின்றோம். அவ்வெண்ணெய் எதற்காக உள்ளது, அதனை வீட்டிலேயே மாற்றுவது எவ்வாறு, மாற்றுங்கால் எதனை முன்னும் எதனைப் பின்னும் செய்தல் வேண்டும் என்பவற்றை ஈண்டு யாம் விளக்கப் புகுகின்றோம். வேலை அரிதன்று; அதன் வரிசைதான் முக்கியம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மாட்டுவண்டி ஓட்டிய நம் முன்னோர் இவ்வுண்மையை அறியாதவரல்லர். வைக்கோலைக் கரியாக்கி, அதனை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து, வண்டிமை என்று பெயரிட்டு, அச்சுக்கு இட்டு வந்தனர். அச்சு கத்தத் தொடங்கியதும் வண்டிக்காரன் இறங்கி மை இடுவான். அந்த ஆமணக்கெண்ணெயை மேனாட்டாரும் இகழ்ந்தாரில்லை. 1909-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு கம்பெனியார் மோட்டார் எண்ணெய் ஒன்றில் ஆமணக்கெண்ணெயைக் கலந்து, அதன் ஆங்கிலப் பெயரை ஒட்டியே 'காஸ்ட்ரால்' என்று பெயரும் இட்டனர். வண்டிமைக்கும் கியர் எண்ணெய்க்கும் தொழில் ஒன்றே. வேறுபாடு யாதெனில், வண்டியின் அச்சு கத்தி அழைக்கும். கியர்ப் பெட்டியோ மூடிய கூட்டினுள் நெடுங்காலம் வாய் திறவாது தேயும். அது கத்தத் தொடங்கும்பொழுது எண்ணெய் ஊற்றிப் பயன் பெரும்பாலும் இராது.

கியர்ப் பெட்டியின் தொழில்

மோட்டார் எஞ்சின் விரைந்து சுழலும்பொழுதுதான் தன் முழு வலிமையைத் தருவது. நின்ற வண்டியை நகர்த்துதற்கோ, மேடு ஏறுதற்கோ, சக்கரம் மெல்லச் சுழலவும் வேண்டும், மிக்க முறுக்குவிசை பெறவும் வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து வைப்பது கியர்ப் பெட்டி. சிறு கார்களில் முதற் கியரில் எஞ்சின் ஏறத்தாழ மூன்றரை முறை சுழலுங்கால், கியர்ப் பெட்டியின் வெளித்தண்டு ஒரு முறை சுழலும். சுற்று எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்கு விசை மிகும். நெம்புகோலின் நீண்ட முனையைப் பிடித்துப் பெரும்பாறையைப் பெயர்ப்பவன் செய்யும் தந்திரமே இது. மேற்கியர்களுக்குச் செல்லச் செல்ல இவ்வேற்றத் தாழ்வு குறைந்துகொண்டே வரும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் பிரெஞ்சு நாட்டின் பனார் லெவாசோர் கம்பெனியார் செய்த வண்டிகளில், சுழன்று கொண்டிருக்கும் பற்சக்கரத்தை மற்றொன்றின்மீது நகர்த்தி இணைக்கும் முறை இருந்தது. இரண்டின் வேகமும் ஒத்து வரும் கணத்தை ஓட்டுநன் காதாற் கண்டறிதல் வேண்டும். தவறினால் பல்லோடு பல் மோதி அலறும். 1928-இல் அமெரிக்காவில் காடிலாக் கம்பெனியார் இத்தொல்லை தீரச் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பைக் கொணர்ந்தனர். இன்றைய கார்களில் முன்செல்லும் கியர்களின் பற்சக்கரங்கள் எந்நேரமும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்வன. நாம் கியர்க் கம்பியைத் தள்ளும்பொழுது, பித்தளை போன்ற உலோகத்தாலாய வளையம் ஒன்று முதலிற் சென்று உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும். அதன் பின்னரே பூட்டும் வளையம் ஓசையின்றிப் பொருந்தும்.

இங்கே எண்ணெயின் நிலையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பற்கள் ஒன்றையொன்று அழுத்தும் இடத்தில் அவை தொடாதவாறு எண்ணெய் நடுவே நிற்றல் வேண்டும். உரசும் வளையத்தினிடத்திலோ எண்ணெய் விரைவில் விலகி, உலோகம் உலோகத்தைப் பற்றுமாறு விடுதல் வேண்டும். ஒரே எண்ணெய் ஓரிடத்தில் வழுக்கவும், மற்றோரிடத்தில் வழுக்காதிருக்கவும் கடமைப்பட்டுள்ளது. எந்த எண்ணெயையும் எந்தப் பெட்டியிலும் ஊற்றலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

பெரும்பாலான கியர்ப் பெட்டிகளில் எண்ணெயை இறைக்கப் பம்பு இல்லை. கீழ்ச் சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கிச் சுழன்று, அதனை வாரி மேலே தெளிக்கும்; அத்தெளிப்பே மேலுள்ள தண்டுகளுக்கும் பேரிங்குகளுக்கும் உணவு. எஞ்சின் எண்ணெய்க்கு உள்ளதுபோல வடிகட்டியும் இல்லை. தேய்ந்த இரும்புத் துகளைப் பிடித்து வைக்கப் பல வண்டிகளில் அடிப்போல்ட்டின் முனையில் ஒரு சிறு காந்தம் மட்டும் இருக்கும். எரிபொருளின் புகைக்கரி இங்கு வந்து சேராதாகலின் இவ்வெண்ணெய் நெடுநாள் உழைக்கும். எனினும் பற்களின் இடையே நசுங்கி நசுங்கி அதன் தடிப்புக் குறையும். சேர்த்த மருந்துகள் செலவழியும். பித்தளைத் துகள் காந்தத்திற் படியாது எண்ணெயிலேயே மிதக்கும்.

எண்ணெயைத் தெரிந்தெடுத்தல்

கியர் எண்ணெயின் புட்டியில் இருவகைக் குறிகளைக் காணலாம். முதலாவது, 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 என்பன போன்றது. இது எண்ணெயின் தடிப்பைக் காட்டும். 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்திற் பனிக்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. 75 எனக் குறித்த எண்ணெய் உறைநிலைக்கு 40 பாகை கீழும், 80 எனக் குறித்தது 26 பாகை கீழும், 85 எனக் குறித்தது 12 பாகை கீழும் குளிர்ந்தபோதும் வரையறுத்த அளவுக்கு மேல் இறுகாது. பின்னுள்ள 90 என்பது 100 பாகைச் சூட்டில் அதற்குள்ள தடிப்பைக் காட்டுவது. காஞ்சியின் மார்கழியில் உறைநிலையை யாரும் காணப்போவதில்லையே, முன்னெண் நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். காலையில் வண்டியை எடுத்ததும் வளையத்தினிடத்தினின்று எண்ணெய் விலகும் விரைவும் அத்தடிப்பைப் பொறுத்ததாகலின், பனியில்லா ஊரிலும் அவ்வெண் பொருளற்றதன்று.

இரண்டாவது குறி, ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்பது. பற்களுக்கிடையே அழுத்தம் மிக்கவிடத்து எண்ணெய்ப் படலம் அறுந்துபோகலாம். அப்பொழுது இரும்பைக் காக்கக் கந்தகமும் பாஸ்பரமும் கலந்த மருந்துகளைச் சேர்ப்பர். அவை சூட்டில் இரும்போடு கூடி மெல்லிய காப்புப்படலம் ஒன்றை உண்டாக்கும். ஜி.எல்.-5-இல் இம்மருந்து ஜி.எல்.-4-இல் உள்ளதினும் ஏறத்தாழ இருமடங்கு. எண் பெரிதாதலின் எண்ணெயும் மேலானது என்று கொள்வது பிழை. ஜி.எல்.-5 பின்னச்சிலுள்ள ஹைப்பாய்டு என்னும் வளைபற் சக்கரங்களுக்கென ஏற்பட்டது. அதனைச் சிங்க்ரோமெஷ் பெட்டியில் ஊற்றினால், வளையம் பற்றாது வழுக்கலாம். சிலவகை மருந்துகள் சூட்டில் அவ்வளையத்தின் செம்புக் கலப்பை அரிக்கவும் கூடும்.

அம்பாசடர் காரை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். 2014 வரை வெளிவந்த அவ்வண்டியில் கியர்ப் பெட்டி எஞ்சினை ஒட்டி முன்னேயும், மெக்கானிக்குகள் 'கிரவுன்' எனக் கூறும் பற்சக்கரத் தொகுதி பின்னச்சிலும் இருந்தன. இடம் வேறு, எண்ணெயும் வேறு. 1983-இல் வந்த மாருதி 800-இலும், நம் காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் வெளிப்போந்த சான்ட்ரோவிலும் முன்சக்கரங்களே வண்டியை இழுப்பன. எஞ்சின் குறுக்காக அமைந்த இத்தகைய வண்டிகளில் கியர்ப் பெட்டியும் இறுதிப் பற்சக்கரமும் ஒரே கூட்டுள் அடங்கி, ஒரே எண்ணெயில் மூழ்கியிருக்கும். அங்கு ஹைப்பாய்டுச் சக்கரம் இல்லை. ஆதலின் பொதுவாக ஜி.எல்.-4 போதும். சில கம்பெனியார் இவ்விரண்டுமின்றித் தமக்கே உரிய மெல்லிய எண்ணெயை விதித்திருப்பர். ஆகவே கடைக்காரர் சொல்லையும் அயலார் சொல்லையும் நம்பாது, வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து, வகை, தடிப்பு, அளவு மூன்றையும் குறித்துக்கொள்க. அளவு சிறு கார்களில் இரண்டு லிட்டரை ஒட்டியிருக்கும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதும் அக்கையேட்டிலேயே இருக்கும். வண்டிக்கு வண்டி அது பெரிதும் வேறுபடும்.

கெடு வருமுன்பே மாற்றவேண்டிய நேரம் ஒன்றுண்டு. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையிலும், 2021 நவம்பரிற் பாலாறு பெருகியபோதும் கண்டதுபோல, நின்ற வண்டியின் கியர்ப் பெட்டியளவுக்கு வெள்ளம் ஏறினால், பெட்டியின் மேலுள்ள மூச்சுத்துளை வழியே நீர் உட்புகும். நீர் கலந்த எண்ணெய் மோர்போல் வெளுக்கும், பேரிங் துருவேறும். அத்தகைய வண்டிக்குக் கிலோமீட்டர்க் கணக்குப் பாராது உடனே எண்ணெயை மாற்றுதல் வேண்டும்.

வேலைக்கு முன்

வேண்டுவன: ஜாக்கி, நன்கு நிற்கும் இரும்புத் தாங்கிகள் நான்கு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டைகள், போல்ட்டுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பானர், மூன்று லிட்டராவது கொள்ளும் அகன்ற தட்டம், புனல், இரண்டு முழ நீளமுள்ள ரப்பர்க் குழாய், புதிய வாஷர்கள், பனியன் வேஸ்ட், கையுறை ஆகியன. சில வண்டிகளின் போல்ட்டில் வெளித்தலை இராது. சதுரக் குழியோ அறுகோணக் குழியோ இருக்கும். அதற்குரிய சாவியை முன்னரே வாங்கி வைத்தல் வேண்டும். பொருந்தாத ஸ்பானரைக் கொண்டு தலையை மழுக்கியபின் வருந்திப் பயனில்லை.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி வருக. எண்ணெய் இளஞ்சூடாகிக் கலங்கினால் துகளோடு நன்கு வடியும். கை சுடுமளவு சூடு வேண்டா. பின்னர்ச் சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இடுக. எண்ணெயின் மட்டம் பக்கத்துத் துளையின் விளிம்பைக் கொண்டே அளக்கப்படுவதாகலின், வண்டி சாய்ந்திருந்தால் அளவும் பிழைபடும். முன்புறத்தை மட்டும் தூக்காது, நான்கு புறமும் ஒரே மட்டமாகத் தூக்கி, நான்கு தாங்கிகளின்மேல் நிறுத்துதலே முறை.

இதன்கண் ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூறுகின்றோம். ஜாக்கி வண்டியைத் தூக்குதற்கு உரியது, தாங்குதற்கு உரியதன்று. ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் படுத்தவர் உயிரிழந்த செய்திகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஓரிக்கை போன்ற ஆற்றங்கரை ஊர்களில் முற்றத்து மண் மணற்பாங்கானது. மழைக்குப் பின் ஜாக்கியின் கால் ஒருபுறம் புதையும். ஆதலின் சிமெண்டுத் தரை இல்லாதவிடத்து, கனத்த பலகையை அடியில் இட்ட பின்னரே ஜாக்கியை வைத்தல் வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக் கல்லையும் அடுக்கித் தாங்கியாக்குவது பெரும்பிழை. கல் வளைந்து எச்சரிக்கை தாராது, ஒரு கணத்தில் நொறுங்கும். தாங்கியில் இருத்தியபின் வண்டியைக் கையால் வலிந்து அசைத்துப் பார்த்து, அசையாதென உறுதி கொண்ட பிறகே உள்ளே செல்க. துணைக்கு ஒருவர் அருகில் இருத்தல் நலம்.

முதலில் எதனைத் திறப்பது

அடியிற் படுத்து நோக்கினால் போல்ட்டுகள் பலவாகத் தெரியும். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்கு ஒன்று. அதன் அருகே எண்ணெய் வடிகட்டி இருக்கும். சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகள் புறப்படும் கூட்டின் அடியில் உள்ளதே கியர்ப் பெட்டியின் டிரெயின் போல்ட். இவ்விரண்டையும் மாற்றி எண்ணி, எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டுக் கியர்ப் பெட்டியில் மேலும் ஊற்றுவோர் உளர். அங்ஙனம் செய்தால் எஞ்சின் எண்ணெயற்று இறுகும். கியர்ப் பெட்டி நிரம்பி வழியும். கையேட்டின் படத்தோடு ஒப்பிட்டு, கண்ட போல்ட்டின்மேல் சுண்ணாம்பால் ஒரு குறி இட்டுக்கொள்க.

இப்பொழுது கை தானே டிரெயின் போல்ட்டை நாடிச் செல்லும். நில்லுங்கள்! முதலிற் கழற்றவேண்டியது அதுவன்று. கூட்டின் பக்கத்தில் சற்று உயர்ந்திருக்கும் ஃபில்லர் போல்ட், அஃதாவது எண்ணெய் வார்க்கும் துளையின் மூடி. பல்லாண்டு திறவாத அம்மூடி துருவேறி அசையாதிருக்கலாம். அதனை முதலிலே கண்டுகொண்டால் கேடில்லை; பழைய எண்ணெய் உள்ளேயே இருக்கின்றது, வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். அடியை முன்னர்த் திறந்து எண்ணெயை முழுதும் வடித்துவிட்டு, பின்னர் மேல்மூடி அசையவில்லை என்று கண்டால், புதிய எண்ணெயை உள்ளே செலுத்த வழியில்லை. வண்டியை ஓட்டிச் செல்லவும் வழியில்லை. வடிக்கும் வாயைத் திறக்குமுன் வார்க்கும் வாய் திறக்கும் என்பதை உறுதி செய்க. இவ்வேலையின் விதிகளுட் தலையாயது இதுவே.

வடித்தலும் வார்த்தலும்

மேல்மூடி அசைந்ததும், தட்டத்தை இட்டு, டிரெயின் போல்ட்டைத் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையாலேயே திருகி எடுக்க. எண்ணெய் முதலில் எட்டிப் பாயும்; பின் நேரே விழும்; பின்னர்ச் சொட்டும். சொட்டு நிற்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

அக்காத்திருப்பு வீண் பொழுதன்று. மருத்துவன் நாடி பார்ப்பதுபோல எண்ணெயைப் பார்த்து வண்டியின் நலத்தை அறியும் வேளை அது. காந்தத்தின்மேல் சாம்பல் நிறத்தில் மைபோலப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிடலாம். ஊசி போன்ற செதிலோ, பல்லின் துண்டோ இருப்பின், பெட்டியைப் பிரித்தே பார்த்தல் வேண்டும். எண்ணெயிற் பொன்னிறப் பொடி மிகுதியாக மின்னினால் வளையங்கள் தேய்கின்றன என்க. மோர்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. வடிந்த அளவு கையேட்டு அளவினும் மிகக் குறைந்திருந்தால், எங்கோ ஆயில் சீல் கசிகின்றது; அதனைச் சரிசெய்யாது புதிய எண்ணெய் வார்ப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாம். கியர் கடினமாக விழுவதற்குக் கிளட்ச்சின் குறையும், இணைப்புக் கம்பியின் தேய்வும் காரணமாகலாம். எண்ணெய் எல்லா நோய்க்கும் மருந்தாகாது.

சொட்டு நின்றபின் போல்ட்டைத் துடைத்து, புதிய வாஷர் இட்டு, முதலிற் கைவிரலாலேயே திருகுக. கூடு அலுமினியத்தாலானது, போல்ட்டோ எஃகு. மரை கோணலாக ஏறினும், அளவுக்கு மீறி முறுக்கினும் கெடுவது கூட்டின் மரையே. அதனைச் சீர்செய்யும் செலவு எண்ணெயின் விலையைப் பன்மடங்கு விஞ்சும். கையேட்டிற் கூறிய முறுக்களவு வரை இறுக்குக. அதற்கு மேல் வேண்டா.

புதிய எண்ணெய் தேன்போல் தடித்திருக்கும். புட்டிகளை அரைமணி நேரம் வெயிலில் வைத்தால் இளகும். காஞ்சியின் வெயில் இதற்கேனும் உதவட்டும்! வண்டியின் பானெட்டைத் திறந்து, மேலிருந்து ரப்பர்க் குழாயை இறக்கி, அதன் கீழ்முனையை ஃபில்லர்த் துளையிற் செருகி, மேல்முனையிற் புனலை வைத்து, துளியும் மண் விழாதபடி மெல்ல வார்க்க. உள்ளே நிறைந்து, துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு எண்ணெய் வெளியே வழியத் தொடங்கினால் மட்டம் நிறைந்தது என்று பொருள். வழிந்தது நின்றபின், அம்மூடிக்கும் புதிய வாஷர் இட்டுப் பூட்டுக. சில வண்டிகளில் இத்துளை இராது. வேறு வழியால் அளந்தே ஊற்றுமாறு விதித்திருப்பர். அளவு குறைந்தால் மேலுள்ள பேரிங்குக்குத் தெளிப்பு எட்டாது. மிகுந்தால் எண்ணெய் கடையப்பட்டு நுரைக்கும், சீல்களைத் தள்ளிக்கொண்டு கசியும். நிறைய வார்ப்பது கொடையாகாது; அளவே அறம்.

வண்டியை இறக்கி, சிறிது தூரம் ஓட்டி, எல்லாக் கியர்களையும் பின்செல்லும் கியரையும் இட்டுப் பார்த்து, மீண்டும் நிறுத்துக. அடியிற் பழைய செய்தித்தாளை விரித்து ஓரிரவு நிற்கவிடுக. காலையில் தாள் தூயதாயிருந்தால் வேலை நன்கு முடிந்தது. ஓரிக்கையில் ஓரிரவு இருக்கை காருக்கும் உரியதாயிற்று!

வடித்த எண்ணெய் எங்கே செல்வது

வேலை முடிந்தது என்று பலர் எண்ணும் இவ்விடத்திலேதான் ஊருக்கு உரிய கடமை தொடங்குகின்றது. தட்டத்தில் இரண்டு லிட்டர்க் கரிய எண்ணெய் இருக்கின்றது. வேலியோரத்திற் கொட்டுதலும், சாக்கடையில் விடுதலும், கரையான் வாராதென்று மரத்தூணிற் பூசுதலும், குப்பையோடு எரித்தலும் நம் ஊர்களில் வழக்கமாயுள்ளன. ஓரிக்கையின் மண் எத்தகையது என்பதை நினைத்தல் வேண்டும். அவ்வூரை அடுத்த பாலாற்றுப் படுகை காஞ்சி நகரத்துக்குக் குடிநீர் ஈயும் இடங்களுள் ஒன்று. மேலே ஆறு வறண்டு மணலாய்த் தோன்றினும், மணலின்கீழ் நீர் நடக்கின்றது. மணலில் ஊற்றியது மணலோடு நில்லாது, மழையோடு இறங்கும். ஒரு காலன் பழைய எண்ணெய் பத்து இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் காப்புத் துறையினர் தம் மக்களை எச்சரித்து வருகின்றனர்.

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் தீங்குதரும் கழிவு விதிகள் பழைய எண்ணெயைத் தம்முள் அடக்கியுள்ளன. 2023-இல் அவ்விதிகளைத் திருத்தி, எண்ணெய் செய்வோரும் இறக்குமதி செய்வோரும் பழைய எண்ணெயின் மறுசுத்திகரிப்புக்குப் பொறுப்பேற்றல் வேண்டும் என்று விதித்தனர். அது 2024 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய எண்ணெய் குப்பையன்று. தூய்மை செய்தால் மீண்டும் எண்ணெயாவது. ஆதலின் வடித்ததனைப் புதிய எண்ணெய் வந்த புட்டிகளிலேயே புனலால் ஊற்றி, இறுக மூடி, நீரோ பெட்ரோலோ கலவாது, பழைய எண்ணெய் திரட்டி முறைப்படி அனுப்பும் பட்டறையிற் சேர்ப்பிக்க. அதனை ஏற்போர் யார் என்பதை வேலைக்குப் பின்னரன்று, முன்னரே கேட்டறிந்து கொள்க. வார்க்கும் வாயை அறிந்த பின்னரே வடிக்கும் வாயைத் திறத்தல் வேண்டும் என்ற விதி இங்கும் பொருந்துகின்றது: போய்ச் சேரும் இடம் தெரியாத எண்ணெயைக் கூட்டினின்றும் வெளியிடலாகாது.

கையும் கல்வியும்

படித்தவர் இவ்வேலையைச் செய்தல் வேண்டுமா, கூலி கொடுத்தால் முடியாதா என்று நம் கல்லூரி நண்பர் சிலர் கேட்கலாம். கூலி கொடுத்துச் செய்வித்தலில் இழிவில்லை. வண்டிக்குக் கம்பெனியாரின் உறுதிக்காலம் நடைபெறும்பொழுது அதுவே தக்கது. தாங்கிகளும் சமதரையும் இல்லாதோர்க்கும் அதுவே நன்று. ஆயினும் செய்முறையை அறிந்தவர் செய்விக்குங்கால், எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது, எவ்வளவு வடிந்தது, காந்தத்தில் யாது இருந்தது என்று கேட்க அறிவர். மெக்கானிக்கின் உழைப்பையும் உள்ளவாறு மதிப்பர்.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் பள்ளிக் கல்வியை நிறையப் பெற்றவரல்லர். ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து ஆங்கிலேயர் ஒருவரிடம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே யந்திர அறிவைப் பெற்றார். 1920-இல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கி, பின்னர்ப் பெருந்தொழில்களைக் கண்டார். அவர்க்குக் கையே ஆசிரியனாயிற்று. தச்சுப் பட்டறையில் வளர்ந்தவரை ஆண்டவரென வணங்குவோர் நிறுவிய கல்லூரியிற் பயின்ற நமக்குக் கையில் எண்ணெய் படுவது நாணத்தக்கதன்று.

இதனைப் படிக்கும் அன்பர்கள் இன்றே ஸ்பானரை எடுத்தல் வேண்டும் என்று யாம் கூறவில்லை. வண்டியின் கையேட்டை இன்றே எடுத்து, கியர் எண்ணெய் கடைசியாக மாறிய நாளையும், அடுத்து மாறவேண்டிய கிலோமீட்டரையும் பார்த்து, அதன் முதற் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். மாற்றும் நாள் வந்தபொழுது, தாமே செய்யினும் பிறரைக் கொண்டு செய்விப்பினும், முதலில் மேல்மூடி, பின்பு அடிமூடி என்னும் வரிசையை நினைவிற் கொள்க.